சீட்டு கேட்காத தூக்க மாத்திரை

அமெரிக்க மருந்துக்கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது டைஃபென்ஹைட்ரமின் அல்லது டாக்ஸிலமின். இரண்டுமே பழைய அலர்ஜி மருந்துகள். தும்மலுக்குப் போட்டவர்களுக்குக் கண் சொக்கியது. அந்தப் பக்கவிளைவே பிறகு தனிச் சரக்காக விலைபோனது. நம்மூரில் சளிக்கு வாங்கிய அவில் மாத்திரையைத் தூக்கத்துக்கும் போட்டுக்கொள்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான்.

நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினை இவை மூளையில் தடுக்கின்றன. சில நாட்களிலேயே உடம்பு பழகிவிடும், சொக்கல் குறையும். அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளையும் தடுப்பதால் வரும் தொல்லைகள் வேறு: வாய் உலர்தல், மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பு, வயதானவர்களுக்கு நினைவுக் குழப்பம். 65 வயதைத் தொட்டவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் பியர்ஸ் பட்டியலில் இவ்விரண்டும் உண்டு.

அதே பட்டியலில் டாக்டர் எழுதித்தரும் அல்பிரசோலம், டயாசெபாம், சோல்பிடெம் ஆகியவையும் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் இவை எச்1 என்ற மருந்து விதிமுறை அட்டவணையைச் சேர்ந்தவை. 2014 மார்ச் முதல், யார் எழுதினார், யார் வாங்கினார் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அல்பிரசோலம் வகையை மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். சோல்பிடெம் மறுநாள் காலையிலும் பெண்களின் ரத்தத்தில் அதிகம் தங்குகிறது என்பதால், 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. அதைப் போட்டுவிட்டு அரைத்தூக்கத்தில் எழுந்து கார் ஓட்டியவர்களும் உண்டு. 2019இல் அதற்கும் கட்டமிட்ட எச்சரிக்கை வந்தது.

மெலடோனின் கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் அது மிட்டாய்போலக் கிடைக்கும் சத்துப்பொருள். பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டும். இரண்டும் ஒரே மூலக்கூறுதான்! இரவு வந்துவிட்டதென்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன் அது. விமானப் பயணத்தில் நேரம் குழம்பியவர்களுக்கு உதவும். நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பெரிதாக நம்ப முடியாது. 2023இல் அமெரிக்காவில் சோதித்த 25 மெலடோனின் ஜெல்லி மிட்டாய்களில் 22இல், உறையில் அச்சிட்ட அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, நடத்தைப் பயிற்சியை. அந்தப் பயிற்சியில், எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவரை, ஐந்தரை மணி நேரம் மட்டும் படுக்கச் சொல்வார்கள். தூக்கம் திடமானதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். முதல் சில வாரங்கள் பகலில் கண்ணைச் சுழற்றும். வண்டி ஓட்டுகிறவர்கள் தாங்கள் ஓட்டுவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.