லினக்ஸ் நிறுவிய பின் திறக்க மறுக்கும் மடிக்கணினி: செக்யூர் பூட் சிக்கலும் தீர்வும்

திருவண்ணாமலை என்றதும் பெரும்பாலோருக்குக் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பணியாற்றும் எங்களுக்கு அதே பெயரில் இன்னொரு ஊர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்டுள்ள ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கோயிலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை போனில் அழைத்தார். "சார், லேப்டாப் ஆன் ஆகவே மாட்டேங்குது. சிவப்புக் கட்டம் போட்டு இங்கிலீஷ்ல என்னமோ வருது. கடையில கேட்டா ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க. காலாண்டு மார்க் எல்லாம் அதுலதான் சார் இருக்கு."

முந்தைய நாள் மாலை அந்த மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தது நான்தான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிகின்றன என்பதாலும், அவருடைய பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்பதாலும், விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவியிருந்தேன். "யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள் டீச்சர், இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

இந்த ஓராண்டில் பல பள்ளிகளில் இதே போன்ற முயற்சிகள் நடந்திருக்கும்; இதே போன்ற பதற்றமும் வந்திருக்கும். அன்று நான் செய்த தவறு என்ன, அதைச் சரிசெய்தது எப்படி, இதே வகையில் வரும் மற்றச் சிக்கல்களை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முன்பு இல்லாத சிக்கல் இப்போது ஏன்?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அன்று லினக்ஸ் குறுந்தகட்டையோ பென்டிரைவையோ செருகினால் கணினி எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும்.

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது நிலைமை மாறியது. அதனுடன் விற்பனைக்கு வந்த கணினிகளில் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு முறை இயக்கப்பட்டிருந்தது. கணினி ஆன் ஆனதும், இயங்குதளம் எழுவதற்கு முன்பே உள்ளே புகுந்துகொள்ளும் தீய நிரல்களைத் தடுப்பதே இதன் நோக்கம். அப்படிப் புகுந்தவற்றை ஆன்டிவைரஸால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஏனெனில் அவை ஆன்டிவைரஸுக்கு முன்பே எழுந்துவிடுகின்றன.

வினாத்தாள் கட்டும் செக்யூர் பூட்டும்

அரசுப் பொதுத்தேர்வில் பணியாற்றிய ஆசிரியருக்கு இது எளிதில் புரியும். வினாத்தாள் கட்டு, கட்டுக்காப்பு மையத்திலிருந்து வழித்தட அலுவலர் வழியாகத் தேர்வு மையத்துக்கு வருகிறது. முதன்மைக் கண்காணிப்பாளர் முத்திரையைப் பார்க்கிறார். தேர்வறையில் உறை பிரிக்கப்படாமல் இருப்பதை மாணவர்களிடம் காட்டிக் கையொப்பம் பெற்ற பிறகே அறைக் கண்காணிப்பாளர் அதைத் திறக்கிறார். எந்தக் கட்டத்தில் முத்திரை சரியில்லையோ, அந்தக் கட்டத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

கணினியிலும் இதே வரிசைதான். முதலில் எழுவது தாய்ப்பலகையிலுள்ள ஃபர்ம்வேர். பழக்கத்தில் இதை பயாஸ் என்கிறோம். அதனிடம் இரண்டு பட்டியல்கள் உள்ளன: யாருடைய கையொப்பத்தை ஏற்கலாம் என்பது ஒன்று, எவற்றை ஏற்கக் கூடாது என்பது மற்றொன்று. ஏற்புப் பட்டியலில் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ்கள் இருக்கும். அதனால் உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் ஷிம் என்னும் சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தைப் பெற்று வைத்திருக்கின்றன. ஃபர்ம்வேர் ஷிம்மைச் சரிபார்க்கிறது. ஷிம், கிரப் என்னும் தேர்வுப்பட்டி நிரலைச் சரிபார்க்கிறது. அடுத்து லினக்ஸின் மையமான கெர்னல் சரிபார்க்கப்படுகிறது. கெர்னல், வைஃபை, கிராஃபிக்ஸ் முதலிய டிரைவர்களைச் சரிபார்க்கிறது.

இங்கே கோப்பின் பெயருக்கு மதிப்பில்லை. வெறும் பெயரை நம்பினால், எங்கள் திருவண்ணாமலைக்கு எழுதிய கடிதம் கிரிவலம் நடக்கும் திருவண்ணாமலைக்குப் போய்ச் சேரும். கோப்பின் உள்ளடக்கத்தோடு பிணைந்த கையொப்பம்தான் சரிபார்க்கப்படுகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது.

எதையும் தொடும் முன்

அன்று ஆசிரியையின் வீட்டுக்குப் போனதும் முதலில் செய்தது, ஆன் செய்தவுடன் எஃப்12 விசையைத் தட்டி பூட் மெனுவைத் திறந்ததுதான். சில கணினிகளில் இது எஃப்9 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் வழக்கம்போல் எழுந்தது. மதிப்பெண் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

செக்யூர் பூட் சிக்கலால் வட்டிலுள்ள கோப்புகள் அழிவதில்லை. அவசரத்தில் செய்யும் ஃபார்மட்டால்தான் அழிகின்றன. எனவே மூன்று செயல்கள் முதலில்:

1. திரையில் வரும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

2. விண்டோஸும் இருந்தால் பூட் மெனு வழியாக அதைத் திறந்து கோப்புகளை நகலெடுங்கள்.

3. விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயக்கத்தில் உள்ளதா எனப் பாருங்கள். இருந்தால், செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் குறியீடு இல்லாவிட்டால் வட்டிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியாமல் போகலாம்.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

ஒன்று: ஆன் செய்ததுமே 'செக்யூர் பூட் வயலேஷன்', 'இன்வேலிட் சிக்னேச்சர் டிடெக்டட்' என்று வருகிறது. மறுப்பது ஃபர்ம்வேர். நிறுவிய லினக்ஸில் அது ஏற்கும் கையொப்பம் இல்லை என்று பொருள். என் தவறு இதுதான். அந்தப் பென்டிரைவ் எழவில்லை என்பதற்காகச் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு நிறுவினேன். வேலை முடிந்ததும் அதை மீண்டும் இயக்கினேன். ஆனால் ஒருமுறை ஆன் செய்து பார்க்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த லினக்ஸ் வகையில் கையொப்பமிட்ட ஷிம் இல்லை. பென்டிரைவ் எழாதபோதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். செக்யூர் பூட்டை ஏற்கும் வகையொன்றை அதே இடத்தில் நிறுவியதும் சிக்கல் தீர்ந்தது. சில புதிய மடிக்கணினிகளில் விண்டோஸ் தவிர்த்த மற்றவற்றுக்கான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் தொடக்கத்திலேயே முடக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஃபர்ம்வேர் அமைப்பின் பாதுகாப்புப் பகுதியில் 'தேர்டு பார்ட்டி' சான்றிதழை அனுமதிக்கும் விருப்பத்தை இயக்கினால் போதும்.

இரண்டு: ஷிம், எஸ்பாட் ஆகிய சொற்களோடு 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று வந்து கணினி தானே அணைகிறது. 2024 ஆகஸ்ட் 13 அன்று வெளியான விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் உலகெங்கும் பலர் இதைக் கண்டனர். பாதுகாப்புக் குறையுள்ள பழைய பூட் நிரல்களை அந்த அப்டேட் மறுப்புப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை அது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருந்தும், பல கணினிகளில் லினக்ஸ் நின்றுபோனது. தீர்வு: செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸைத் திறந்து, எல்லா அப்டேட்டுகளையும் நிறுவுங்கள். புதிய ஷிம்மும் கிரப்பும் வந்த பின் செக்யூர் பூட்டை மீண்டும் இயக்குங்கள். சில ஆண்டுகளுக்கு முன் தயாரித்த நிறுவல் பென்டிரைவும் இதே காரணத்தால் மறுக்கப்படலாம். அதைப் புதிய கோப்பைக் கொண்டு மறுபடி தயாரிக்க வேண்டும்.

மூன்று: கிரப் பட்டியல் வருகிறது, லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்கிறது. இங்கே மறுக்கப்படுவது கெர்னல். அதிகாரப்பூர்வமற்ற கெர்னலை யாரேனும் நிறுவியிருக்கலாம். கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், புதியதை நீக்கிவிடுங்கள்.

நான்கு: லினக்ஸ் எழுகிறது, ஆனால் வைஃபையோ கிராஃபிக்ஸோ வேலை செய்யவில்லை. பலரும் இதை வன்பொருள் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். உபுண்டு நிறுவும்போது கூடுதல் டிரைவர்களைக் கேட்டால், அது ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று வரும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'கன்டினியூ', 'யெஸ்' கொடுத்து, அதே கடவுச்சொல்லை இட வேண்டும். உங்கள் கணினியில் உருவான டிரைவரின் கையொப்பத்தை, கணினியின் உரிமையாளராக நீங்கள் ஏற்கிறீர்கள் என்பதே இதன் பொருள். அந்தத் திரை சில நொடிகளே காத்திருக்கும். தேநீர் குடிக்கப் போய்விட்டு வந்தால் அது கடந்துபோயிருக்கும்! அப்படித் தவறவிட்டால், டெர்மினலில் 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி' என்னும் கட்டளையை 'என்ரோல்-கீ' என்னும் விருப்பத்தோடு நிர்வாகி அனுமதியில் இயக்கினால் மீண்டும் கடவுச்சொல் கேட்கும். அடுத்த மறுதொடக்கத்தில் நீலத்திரை திரும்பவும் வரும்.

ஐந்து: எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் நேராக விண்டோஸ் எழுகிறது. இது பெரும்பாலும் செக்யூர் பூட் சிக்கல் அல்ல. பூட் வரிசையில் விண்டோஸ் முதலில் இருக்கிறது. ஃபர்ம்வேர் அமைப்பில் லினக்ஸை முதலிடத்துக்கு நகர்த்தினால் போதும்.

அணைத்தே வைத்துவிட்டால் என்ன?

இக்கேள்வியைப் பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அணைத்து வைத்தாலும் லினக்ஸ் நன்றாகவே இயங்கும். சொந்தக் கணினியில் அது உங்கள் விருப்பம். ஆனால் பள்ளிக் கணினியில் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படுகின்றன. மாணவர் விவரங்களும் மதிப்பெண்களும் அதில்தான் உள்ளன. மேலும் அது அரசு உடைமை. அதன் அமைப்பை மாற்றும் முன் தலைமையாசிரியரின் அனுமதி பெறுவதே முறை. சிக்கலைத் தீர்க்கச் சிறிது நேரம் அணைக்கலாம். தீர்ந்ததும் இயக்கிவிட வேண்டும். இயக்கிய பின் இரண்டு இயங்குதளங்களையும் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே கணினியை உரியவரிடம் கொடுக்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் ஷிம்களுக்குக் கையொப்பமிடப் பயன்பட்டுவரும் மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான். அதன் இடத்தில் 2023-ஆம் ஆண்டுச் சான்றிதழ் வருகிறது. ஏற்கெனவே இயங்கும் லினக்ஸ் இதனால் அன்றே நின்றுவிடாது. ஆனால் புதிய சான்றிதழால் மட்டும் கையொப்பமிட்ட நிரல்களைப் பழைய ஃபர்ம்வேர் அறியாது. எனவே உங்கள் கணினித் தயாரிப்பாளர் வெளியிடும் ஃபர்ம்வேர் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

வகுப்பறைக்குள்

பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் அறிமுகமாகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தில்தான் கணினி வகுப்புகள் நடக்கின்றன. நம் மாணவர்களும் லினக்ஸை நிறுவிப் பார்க்க விரும்புவார்கள். நிறுவும் முன் கையொப்பச் சங்கிலியை ஒரு விளையாட்டாக நடத்தலாம். ஐந்து மாணவர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் ஒரு மாதிரிக் கையொப்பம் கொடுங்கள். முன்னால் நிற்பவர் அடுத்தவரின் தாளிலுள்ள கையொப்பத்தைத் தம்மிடமுள்ள மாதிரியோடு ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் அமரச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு தாளை மட்டும் மாற்றிவிட்டு, வரிசை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பிழைச்செய்தியைக் கண்டு பயப்படாமல், 'இதைச் சொல்வது யார்?' என்று கேட்கும் பழக்கம் அங்கே தொடங்கும்.

அறிவியல் ஆசிரியை திங்கட்கிழமை மதிப்பெண்களைப் பதிவேற்றிவிட்டார். அவருடைய மடிக்கணினியின் மூடியில் இப்போது ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது. அதில் அவர் கையெழுத்தில் மூன்று வரிகள்: பூட் மெனு எஃப்12. செய்தி வந்தால் முதலில் படம் எடு. ஃபார்மட் செய்யும் முன் சாரைக் கேள்.