உயிரியல் ஆய்வகக் கருவிகள்: பெயரும் பயனும்

சென்னைத் தரமணியில் இயங்கிவரும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள், வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்திலிருந்து உப்பைத் தாங்கும் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, நெற்பயிரில் சேர்த்து ஆராய்ந்தனர். கழிமுகத்து மரத்தின் பண்பை வயற்பயிருக்குக் கொண்டுசெல்லும் இத்தகைய பணிக்கு எக்கருவிகள் துணைபுரிகின்றன, அவற்றின் தமிழ்ப்பெயர்கள் பயனைச் சரியாக உணர்த்துகின்றனவா என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் அதே தரமணியில் அமைந்திருப்பதால், இவ்வினா அங்கு எழுவது பொருத்தமே.

முதற்கருவி கல்வம். சித்த மருத்துவர்க்குப் பழகிய இச்சொல்லே ஆய்வகப் பீங்கான் கல்வத்துக்கும் போதும். இலையைத் திரவ நைட்ரஜனில் (−196° செ.) உறையவைத்து அரைப்பதால், மரபுப்பொருளைச் சிதைக்கும் நொதிகள் செயலற்றிருக்கின்றன.

அரைத்த கலவையைத் தெளிவிப்பது மையவிலக்கி. பெயர் செம்மையானது, பிழை நேர்வது அளவையில்தான். ஆய்வேடுகள் பலவற்றில் ‘நிமிடத்திற்கு 10,000 சுழற்சி’ என்று மட்டும் குறிக்கப்படுகிறது. சுழலியின் ஆரம் 8 செ.மீ. எனில் அவ்வேகத்தில் எழும் விசை புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ 8,900 மடங்கு, 6 செ.மீ. எனில் 6,700 மடங்கே. ஆரமோ ஈர்ப்பு மடங்கோ குறிக்கப்படாத செய்முறையை இன்னொருவர் அவ்வாறே திரும்பச் செய்ய இயலாது.

வெப்பச்சுழற்சிக் கருவி, பாலிமரேஸ் சங்கிலி வினையால் வேண்டிய மரபணுத் துண்டைச் சுற்றுதோறும் இரட்டிக்கிறது. கோட்பாட்டளவில் 30 சுற்றுகளில் ஒரு துண்டு 107 கோடியாகும். அத்துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் முறையைச் சிலர் ‘மின்னாற்பகுப்பு’ என்கின்றனர். அது சேர்மங்களைச் சிதைக்கும் வேதிவினையின் பெயர். இங்கு எதுவும் சிதைவதில்லை. எதிர்மின்சுமையுடைய டிஎன்ஏ துண்டுகள் கூழ்மத்தினூடே நேர்மின்முனையை நோக்கி நகர்கின்றன. சிறியவை முந்தும், பெரியவை பின்தங்கும். ‘மின்நகர்வுப் பிரிப்பு’ என்பதே தகும்.

மரபணு சேர்ந்த நெல்திசுவை வளர்க்க நுண்ணுயிரற்ற ஊடகம் தேவை. ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக்கலன் இதற்கானது: 121° செ., சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். பெயரைக் கேட்கும் மாணவர் அழுத்தமே கிருமிகளைக் கொல்வதாகக் கருதுவர். கொல்வது நீராவியின் வெப்பம். அழுத்தம் அவ்வெப்பநிலையை எட்ட உதவுகிறது. அடுக்களைப் பிரஷர் குக்கரின் விதியும் இதுவே. கலனுள் காற்று தங்கிவிட்டால், அழுத்தமானி 15 காட்டினும் வெப்பநிலை 121-ஐ எட்டாது. பாக்டீரிய வித்துகள் பிழைத்துவிடும். அழுத்தமானியை மட்டும் நம்பித் திறந்த கலனிலிருந்து எடுத்த ஊடகத்தில் மூன்றாம் நாள் பூஞ்சை படர்வதை ஆய்வகத்தார் அறிவர்.

சீரடுக்குக் காற்றுப்பாய்வு அறையின் பெயர் காற்று எவ்வாறு பாய்கிறது என்பதைச் சொல்கிறது. யாரைக் காக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கிடைமட்டப் பாய்வு அறையில், 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும் வடிகட்டியைக் கடந்த தூய காற்று, மாதிரியைத் தழுவிப் பணிபுரிபவரின் முகத்தை நோக்கி வருகிறது. நெல்திசுவுக்கு இது நன்று. நோய்க்கிருமியை அங்கு வைத்துத் திறந்தால், அதே காற்று அக்கிருமியை ஆய்வாளரின் மூச்சில் சேர்க்கும். அப்பணிக்குரியது, காற்றை உள்ளிழுத்து வடிகட்டி வெளியேற்றும் உயிரியப் பாதுகாப்புப் பெட்டகம். இரண்டும் கண்ணாடி முகப்புடன் ஒன்றுபோலவே தோன்றுவதால், ஒன்றன் கதவில் ‘மாதிரிக்கு மட்டும் காப்பு’ என்றும், மற்றதில் ‘ஆய்வாளருக்கும் காப்பு’ என்றும் தமிழில் எழுதி ஒட்டலாம்.