நிலக்கடலைத் தண்டுக் கருகல் நோயும் வரப்போரப் பூண்டும்

2000-ஆம் ஆண்டு மானாவாரிப் பருவத்தில், ஆந்திரப் பிரதேசத்து அனந்தப்பூர் ஜில்லாவில் சுமார் 2,25,000 ஹெக்டேர் நிலக்கடலை ஒரு புதிய நோயால் தாக்குண்டது. நஷ்டம் 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதெனக் கணக்கிடப்பட்டது. இந்நோய் எங்கிருந்து வருகிறதென்பதை நிலமுடையோர் யாவரும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலில் நுனிக் குருத்திலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை பரவி, இலைக்காம்பும் தண்டும் கருகும். இளஞ்செடியாயின் முற்றிலும் மடியும். முதிர்ந்த செடி பிழைப்பினும் காய் சிறுத்து, ஓட்டின்மேல் கருமை படரும். இதற்குக் காரணம் புகையிலைக் கீற்று வைரஸ் என்பது. 1997-இல் கர்நாடகத்தில் சூரியகாந்தியில் காணப்பட்ட கருகலுக்கும் இதுவே காரணமாகும்.

இவ்வைரஸ் தங்குமிடம் பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டு. அப்பூண்டில் நோய்க்குறி யாதொன்றும் தோன்றாது, செழித்தே நிற்கும். ஆயினும் அதன் மகரந்தத்தில் வைரஸ் உண்டு. எள்ளினும் சிறிய இலைப்பேன்கள் அப்பூக்களில் வாழ்ந்து, மகரந்தத்தை உடலில் ஒட்டிக்கொண்டு பயிருக்குச் செல்லும். காற்றும் மகரந்தத்தைக் கொணர்ந்து இலைமேல் தூவும். இலைப்பேன் இலையைச் சுரண்டிச் சாற்றை உறிஞ்சுங்கால் உண்டாகும் காயத்தின் வழியே வைரஸ் செடிக்குள் புகும்.

இதனை மொட்டுக் கருகல் நோயெனக் கருதலாகாது. அந்நோயில், இலைப்பேன் குஞ்சுப் பருவத்தில் உறிஞ்சிய வைரஸ் அதன் உடலிலேயே பெருகி, வளர்ந்த பூச்சியால் பரப்பப்படும். தண்டுக் கருகலிலோ பூச்சி வெறும் சுமைகூலியே, சரக்கு பூண்டினுடையது.

நிலக்கடலைப் பூவின் மகரந்தம் இதழ்களுக்குள் மூடியிருப்பதால், நோயுற்ற செடியிலிருந்து அடுத்த செடிக்கு நோய் பரவுதல் அரிது. ஆதலின் கருகிய செடிகளைப் பிடுங்குவதில் செலவிடும் கூலியை, முன்னதாகவே பூண்டைப் பிடுங்குவதில் செலவிடுதல் நலம்.

செய்யத்தக்கன வருமாறு:

1. மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போதே, பூக்குமுன் பார்த்தீனியத்தை வேரோடு களைதல் வேண்டும். அது தோலில் அரிப்பு உண்டாக்குமாதலால் கையுறை அணிதல் அவசியம்.

2. நிலத்தைச் சுற்றிலும் சோளம் அல்லது கம்பைச் சில வரிசைகள் நெருக்கமாக விதைத்தால், அவை காற்றில் வரும் மகரந்தத்தையும் இலைப்பேனையும் தடுக்கும்.

3. நிலக்கடலைக்கு அருகில் சூரியகாந்தி பயிரிடுதல் கூடாது. நோயுற்ற சூரியகாந்தியின் மகரந்தமும் வைரஸைத் தாங்கும்.

4. இலைப்பேனை அடக்க விதை நேர்த்தி உதவும். அளவை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிக. நோய் கண்டபின் எம்மருந்து தெளிப்பினும் கருகிய செடி மீளாது.

நிற்க. ஒருவர் தம் வரப்பைச் சுத்தம் செய்து, அடுத்த தரிசில் பூண்டு பூத்து நின்றால் உழைப்பு வீணாம். சாலையோரமும் புறம்போக்கும் தனியொருவர் பொறுப்பில் இல்லை. ஆகவே விதைப்புக்கு முன்னரே கிராம அதிகாரிகள் நாள் குறித்து, பஞ்சாயத்தாரும் நிலமுடையோரும் ஒருங்கே இப்பூண்டை ஒழிக்க முற்படுவார்களாக.