பூனையின் பல்லும் பால்சோறும்

கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த நெல்வயல் ஊர்களிலும், சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும், தானியம் சேர்த்துவைக்கும் வீட்டுக்கு எலி வருவதும், எலியைத் தொடர்ந்து பூனை வருவதும் நெடுங்கால வழக்கம். அப்படி வந்து ஒட்டிக்கொண்ட பிராணிக்கு நாம் பிரியத்தோடு வைக்கும் ஆகாரம் பெரும்பாலும் பால்சோறு. சந்தை நாளானால் கருவாட்டுத் தலை பிசைந்த சோறு. பிரியத்தில் குறையில்லை, ஆனால் அந்த ஆகாரத்தை மட்டுமே நம்பியிருக்கும் பூனை, வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது.

அதற்கு அத்தாட்சி அதன் வாயிலேயே இருக்கிறது. வளர்ந்த பூனைக்கு மேல்தாடையில் 16, கீழ்த்தாடையில் 14, ஆக 30 பற்கள், நாய்க்கு 42. குறைந்த பன்னிரண்டும் கடைவாய்ப் பற்களே; தானியத்தை அரைக்கத்தக்க அகன்ற பல் பூனைக்கு ஒன்றுகூட இல்லை. முன்வாயிலுள்ள சின்னஞ்சிறு வெட்டுப்பற்கள் மயிரையும் இறகையும் பிய்ப்பதற்கும், நீண்ட கோரைப்பற்கள் நான்கும் எலியின் கழுத்தெலும்புகளுக்கு இடையே இறங்கித் தண்டுவடத்தை அறுப்பதற்கும், கடைவாயில் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றையொன்று உராய்ந்து இறங்கும் பற்கள் மாமிசத்தைத் துண்டு துண்டாக நறுக்குவதற்கும் அமைந்தவை. தாடையும் மேலும் கீழுமாக அசையுமேயன்றிப் பசுவின் தாடைபோலப் பக்கவாட்டில் சுழலாது. அதன் நாக்கு இனிப்பை அறியாது என்பதும் 2005இல் மரபணு ஆராய்ச்சியால் விளங்கிற்று. பாயசக் கிண்ணத்தை அது நக்குவது சர்க்கரைக்காக அன்று, நெய்க்காக.

பல்லின் அமைப்பு இப்படியிருக்க, சரீரத்தின் உள்ளமைப்பு மட்டும் வேறாக இருக்குமா? டாரின் என்னும் சத்தைப் பூனையின் உடல் தனக்குப் போதிய அளவில் ஆக்கிக்கொள்ளாது. மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். அது குறைந்தால் விழித்திரை சிதைவதை 1975இலும், இருதயம் தளர்ந்து வீங்குவதை 1987இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினார்கள். இருதயம் காலத்தோடு கவனித்தால் தேறக்கூடும். போன பார்வை திரும்புவதில்லை. பாலோ, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிப்பதே இல்லை.

பரிகாரம் செலவு மிகுந்ததன்று. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இருதயமும் கழுத்துச் சதையும், முள் நீக்கிய சிறுமீனும், முட்டையும் உப்புக் காரமின்றி வேகவைத்துக் கொடுக்கலாம்; டாரின் நீரில் கரைந்துவிடுமாதலால் வெந்த நீரைக் கொட்டிவிடாமல் அதையும் சேர்த்தே வைக்க வேண்டும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். ஈரலை அன்றாடம் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து நோயாகும். வெங்காயம், பூண்டு கலந்த குழம்பு ஆகவே ஆகாது. நாய்க்கென்று விற்கும் தீவனமும் பூனைக்குப் போதாது. மாமிசம் நுழையாத வீட்டார் தங்கள் விரதத்தைத் தாங்கள் காக்கட்டும், அது அவர்களுடைய உரிமை. அந்த விரதத்தைப் பூனைமேல் சுமத்த மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை என்பதே என் கட்சி. பசித்த பூனைதான் எலி பிடிக்கும் என்பாரும் உண்டு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். அது அதன் சுபாவம்.

வாய் நாறுதல், எச்சில் ஒழுகுதல், ஒரு பக்கமாகவே மெல்லுதல் ஆகியவை பல்நோயின் குறிகள். அப்போது பாரசிட்டமால் மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பவர்கள் கொலையே செய்கிறார்கள். ஒரே மாத்திரை பூனையின் உயிரைப் போக்கவல்லது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கேட்கலாம். சின்னசேலத்துக்கு அப்பால் தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமையைக் குற்றமாக்குகிறது. பால்சோறு போதிய உணவா என்பது வக்கீல்கள் வாதிடத்தக்க விஷயம். ஆனால் குட்டிகளைக் கோணியில் கட்டிக் காட்டோரம் விட்டு வருவதில் வாதத்துக்கு இடமில்லை: பசியால் வாடும்படி பிராணியைக் கைவிடுதலும் அதே பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அக்காலத்தில் அச்சமூட்டிய அத்தொகை இன்று ஒருவேளைச் சிற்றுண்டிக்கும் காணாது. விஷம் வைத்துக் கொல்வதோ பாரதிய நியாய சன்ஹிதையின் 325ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரியது. காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். மலையில் அகப்படும் காட்டுப்பூனைக் குட்டியை வளர்க்க எடுத்து வருவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம். வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை.

இனி, அதே கோரைப்பல் மனிதர்மேல் பதிந்தால் என்ன செய்வது? காயம் ஊசித்துளை அளவே தெரியும்; மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும்; வெறிநோயும் தொற்றக்கூடும். சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே செல்ல வேண்டும். தடுப்பூசி அரசு நிலையங்களில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பின் 3, 7, 28ஆம் நாட்கள். ரத்தம் கசிந்த கடியானால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கோ கரியாலூருக்கோ பேருந்து வரத் தாமதமானாலும், கழுவும் வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு புறப்பட வேண்டும். கடித்த பூனையைப் பத்து நாள் கவனித்து வரலாம், ஆனால் முதல் ஊசியை அதற்காகத் தள்ளிப்போடலாகாது.