மின் துவிச்சக்கரவண்டியும் அதிர்வுதாங்கியும்

1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த டன்லப் என்பார் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். கரடுமுரடான வீதியில் துவிச்சக்கரவண்டி செலுத்துவோரின் உடல்நோவை அது பெரிதும் தணித்தது. சாதாரண வண்டிக்கு அக்காற்றே பெரும்பாலும் போதுமாயிற்று. மின் துவிச்சக்கரவண்டியோ பாரம் மிக்கது. மின்கலவடுக்கும் மோட்டாரும் சேர, அதன் நிறை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோகிராம் வரை இருக்கும். நிறையும் வேகமும் கூடுந்தோறும் குழியில் விழும் அதிர்ச்சியும் மிகும். இதனாலேயே இவ்வண்டிகள் பலவற்றின் முன்கவரில் அதிர்வுதாங்கி அமைக்கப்படுகின்றது.

அதன் பணி யாது? உடலுக்குச் சுகமளிப்பது மட்டுமன்று. சில்லைத் தரையை விட்டு எழவொட்டாது காப்பதே தலையாய பணி. தரையைத் தொடாத சில்லைக் கொண்டு வண்டியை நிறுத்தவும் இயலாது, திருப்பவும் இயலாது. பிறேக் எத்துணை சிறந்ததாயினும் அந்நேரத்திற் பயன்படாது.

செப்பஞ்செய்தற்குரியவை இரண்டு. முதலாவது, வில்லின் விறைப்பு. ஓட்டுபவர் ஏறியமர்ந்ததும் கவர் சிறிது அமிழ்தல் வேண்டும். 100 மில்லிமீற்றர் அசையக்கூடிய கவருக்கு ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் அமிழ்வு பொருந்தும். கவர்க்குழாயில் ஓர் இறப்பர் வளையத்தை இட்டு, மெல்ல ஏறி இறங்கி, வளையம் நகர்ந்த தூரத்தை அளந்தால் இதனை அறியலாம். காற்றுவில் உள்ள கவராயின், அமிழ்வு மிகும்போது அதற்குரிய சிறு பம்பினாற் காற்றை ஏற்றுக, குறையும்போது இறக்குக. அமிழ்வே இல்லையெனில், பள்ளம் வந்தவிடத்துச் சில்லு கீழிறங்கித் தரையைப் பற்ற இடமிராது.

இரண்டாவது, அமுங்கிய கவர் மீளும் வேகம். உள்ளிருக்கும் எண்ணெய் ஒடுங்கிய துளைவழியே செல்வதால் இவ்வேகம் மட்டுப்படுகின்றது. மிக விரைந்து மீண்டால் கைபிடி துள்ளும். மிக மெதுவாக மீண்டால், அடுத்தடுத்துக் குழிகள் வரும்போது கவர் நிமிர நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போய், ஈற்றில் விறைத்துவிடும்.

ஒன்றை மறத்தலாகாது. சில்லின் நடுவே மோட்டார் அமைந்த வண்டியில், மோட்டாரின் பாரம் சில்லோடு சேர்ந்தே எழுந்து விழும். அத்தகைய சில்லை எவ்வாறு செப்பஞ்செய்யினும், பாரம் குறைந்த சில்லைப் போல அது வீதியைத் தழுவிச் செல்லாது. அங்கே ரயரின் காற்றழுத்தத்தையும் அளவோடு பேணுதல் இன்றியமையாதது.

ஒருவரின் நிறைக்கு அமைத்த கவர் மற்றொருவருக்குப் பொருந்தாது. ஆதலின், வண்டி கைமாறும்போதும் சுமை மாறும்போதும் அந்த வளையத்தை மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தல் நன்று.