சாவா மூவாப் பேராடும் நம் அறக்கட்டளையும்

மும்பைப் புறநகரில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கல்வி அறக்கட்டளைக்கு நான் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். ஒரு செப்டம்பர் மாதப் பொதுக்குழுவில் பக்கத்துச் சாலில் குடியிருக்கும் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "பேங்க்ல இவ்ளோ பணம் கிடக்குதே சார், பத்தாவது பாஸ் பண்ணின எம் பொண்ணுக்கு ஜூன் மாசம் ஃபீஸ் கட்ட ஏன் எடுத்துத் தரல?" "முதலைத் தொட விதி இடம் தராதும்மா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை. அன்று நான் சொன்னது பாதி பதில்தான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலை ஏன் தொடக் கூடாது? இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கணக்கு அல்ல, நம் முன்னோர் கணக்கு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 ஆடு, 96 ஆடு என்று கொடுத்த செய்தி ஏராளம். தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆட்டுக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததற்கும் கிழமானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் பார்ப்பது இடையர் பொறுப்பு. காசாகக் கொடுத்தால் அதை ஊர்ச்சபை வாங்கிக்கொண்டு ஆண்டுதோறும் பொலிசை கட்டியது. தஞ்சையில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 சதவீதம். முதல் நிற்கும், பொலிசை அறத்துக்குப் போகும்.

நம் அறக்கட்டளையும் அதே வழிதான். மகாராஷ்டிரத்தில் இது 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி, அறநிலைய ஆணையரிடம் பதிவானது. ஆண்டுதோறும் ஆடிட்டர் கணக்குப் பார்க்க வேண்டும். 'கார்ப்பஸ்' என்று எழுதிக் கொடுத்து ஒருவர் தரும் நன்கொடை முதலில் சேரும். அதை நம் இஷ்டத்துக்கு ஷேரிலோ, தெரிந்தவர் சீட்டிலோ போட முடியாது. அரசுப் பத்திரம், பட்டியலிட்ட வங்கி வைப்பு போன்று சட்டம் சொல்லும் வழிகளில்தான் போடலாம். மற்ற வருமானத்தில் வரிவிலக்கு வேண்டுமானால் பொதுவாக 85 சதவீதத்தையாவது அறச் செலவுக்குப் பயன்படுத்த வேண்டும். 1961 வருமான வரிச் சட்டத்தில் இருந்த இந்த அளவை 2025-இல் நிறைவேறிய புதிய சட்டமும் மாற்றவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் 10 லட்சம், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 70,000. அதில் 59,500 பிள்ளைகளுக்குப் போகிறது, 10,500 முதலில் சேர்கிறது. விலைவாசி 5 சதவீதம் ஏறினால், முதலின் மதிப்பு குறையாமல் இருக்க அடுத்த வருடம் 10,50,000 இருக்க வேண்டும். நம்மிடம் இருப்பதோ 10,10,500. ஒரே வருடத்தில் 39,500 துண்டு விழுகிறது. எஃப்.டி. சாவாத ஆடுதான், ஆனால் மூப்படைகிற ஆடு. கல்லூரி ஃபீஸ் ஏறும் வேகத்தைப் பார்த்தால் மூப்பு இன்னும் சீக்கிரம் வரும். புதுக் குட்டி சேராவிட்டால், தொகை அப்படியே இருக்கும். அது படிக்கவைக்கும் பிள்ளைகள்தான் வருடா வருடம் குறைவார்கள்.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அன்று தவறு விதியில் இல்லை, என் ஏற்பாட்டில் இருந்தது. பத்தாவது ரிசல்ட் வந்து கையோடு சேர்க்கை நடக்கிறது. நாங்களோ மார்ச்சில் வட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, செப்டம்பர் பொதுக்குழுவில் மாலை போட்டு, போட்டோ பிடித்து உதவித்தொகை கொடுத்தோம். முதலை உடைத்திருக்கவே வேண்டாம். கையில் இருந்த வட்டியை ஜூனில் கொடுத்திருந்தால் போதும். மறு வருடம் விழாவுக்குக் காத்திராமல் ஃபீஸை நேராகக் கல்லூரிக்கே கட்டினோம். முதல் செக் அந்தப் பெண்ணுக்குத்தான். ஆனாலும் அவள் இழந்த ஒரு வருடம் இழந்ததுதான்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. எங்கள் தெருவின் மராத்தி கணேஷ் மண்டல் பல வருடமாகப் பழைய பாடநூல் சேர்த்து இரவல் கொடுத்து வந்தது. நாங்களும் தனியாகப் புத்தகம் வாங்கிக் கொடுத்து வந்தோம். ஒரே பிள்ளைக்கு இரண்டு கணக்குப் புத்தகம், ஃபீஸுக்குப் பணம் இல்லை! பேசி முடிவு செய்தோம்: புத்தகம் அவர்கள், ஃபீஸ் நாங்கள், மாலை வகுப்புக்கு இடம் மண்டலின் ஹால். யாருக்கு உண்மையில் தேவை என்று சொன்னவர்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள். "நம்ம காசு நம்ம பிள்ளைங்களுக்குத்தானே, மாலை வகுப்புல மத்தவங்க எதுக்கு?" என்று நம்மவர் சிலர் முணுமுணுத்தார்கள். புத்தகம் தரும்போது மண்டல்காரர் எந்தப் பிள்ளையிடமும் தாய்மொழி கேட்கவில்லை என்பதே என் பதிலாக இருந்தது.

வாசக அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டில் மணிவிழா, பேரன் பிறந்தநாள் என்று வரும்போது உங்கள் ஊர்ச் சங்க அறக்கட்டளைக்குச் சிறு தொகை கொடுங்கள். 'கார்ப்பஸுக்கு' என்று கைப்பட எழுதிக் கொடுங்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். பொதுக்குழுவுக்கு வந்து, வட்டி எவ்வளவு, யாருக்கு, எந்த மாதம் போனது என்று கேளுங்கள். அந்த அம்மா கேட்ட மாதிரி கேளுங்கள். மந்தையை எண்ணிப் பார்க்க ஆள் இருந்தால்தான் இடையரும் விழித்திருப்பார்.