பூஸ்டர் வாங்கப் போனேன்!

எங்கள் வீடு பரவையில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஓட்டு வீடாக இருந்தவரை செல்போனுக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் அதை இடித்து, மாடியும் கீழுமாய் கான்கிரீட் வீடு கட்டினோம். அன்றோடு போச்சு டவர்! கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் ரகசிய எண் கேட்டு வாசலில் நிற்பார். நான் மொட்டை மாடிக்கு ஓடி மெசேஜ் பார்த்துவிட்டு வருவேன். வடகத்துக்குக் காவல் இருப்பது போல் போனுக்கும் காவல் என்று சிரித்துக் கொள்வோம்.

சிரிப்பு நின்றது போன ஐப்பசியில். என் கணவர் காய்கறி மார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறார். லோடு வரும் ராத்திரிகளில் வீட்டில் இருக்க மாட்டார். மணி இரண்டு இருக்கும். சர்க்கரைக்கு ஊசி போட்டுக் கொள்ளும் என் மாமியார், ‘ஏத்தா, என்னமோ செய்யுது’ என்றார். தொட்டுப் பார்த்தால் உடம்பெல்லாம் வேர்வை, கை வெடவெடவென்று நடுங்குகிறது. சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்துவிட்டு போனை எடுத்தால், ஒரு கோடு கூட இல்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு, மழையில் படியேறி, தண்ணீர்த் தொட்டி பக்கம் நின்று கணவரைக் கூப்பிட்டேன். இறங்கி வருவதற்குள் என் நெஞ்சு அடித்துக் கொண்டதை இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. நல்லவேளை, கால் மணி நேரத்தில் அத்தை தெளிந்து, ‘காபி இருக்கா?’ என்று கேட்டுவிட்டார்!

மறுநாளே டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். ‘சிக்னல் பூஸ்டர் மாட்டிருங்கக்கா. நாலாயிரத்து ஐந்நூறு. பில் வேணாம்னா இன்னும் குறைக்கலாம்’ என்றார் கடைக்காரர். பணம் எடுக்கப் பையைத் திறந்தவள், எதற்கும் நாத்தனார் மகனை ஒரு வார்த்தை கேட்போம் என்று திரும்பிவிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன்.

‘நல்லவேளை வாங்கலை அத்தை’ என்றான். மாடியில் ஒரு ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு ஆன்டெனா, நடுவில் சிக்னலைப் பெரிதாக்கும் பெட்டி, இதுதான் பூஸ்டர். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றின் சத்தத்தை ஒன்று வாங்கிக் கொண்டால், கோயில் திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் ‘கீ...’ என்று கத்துமே, அதே கதைதானாம். நம் காதுக்குக் கேட்காது. ஆனால் டவருக்குக் கேட்கும். தெருவில் மற்றவர்கள் பேசுவதும் கெட்டுப் போகும். அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட கருவி வைத்திருக்கக் கூடாது என்பது 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்தே இருக்கிறதாம். லைசென்ஸ் பெற்ற செல்போன் கம்பெனிகள் தவிர வேறு யாரும் பூஸ்டர் வைத்திருப்பதோ, விற்பதோ சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் பொதுமக்களுக்கே அறிவிப்புக் கொடுத்திருக்கிறது. பில் வேண்டாம் என்றது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது!

போனிலேயே சிக்னலின் அளவை எண்ணாகப் பார்க்க வழி இருக்கிறது என்று செட்டிங்ஸில் காட்டினான். மொட்டை மாடியில் மைனஸ் 95. அத்தை படுக்கும் அறையில் மைனஸ் 115. ‘இருபதுதானேப்பா குறையுது’ என்றேன். ஒவ்வொரு பத்துக்கும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடுமாம். அப்படியானால் மாடியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குதான் கீழே வருகிறது! கம்பியும் கான்கிரீட்டும் வழியிலேயே தின்று விடுகின்றன.

பிறகு அவன் சொன்னபடி செய்தோம். விருந்தாளிகள் வரும்போதெல்லாம், எந்தக் கம்பெனி சிம் என்று கேட்டு அவர்கள் போனை அந்த அறையில் வைத்துப் பார்த்தோம். (தங்கச்சி வீட்டுக்காரர் முறைத்தார்.) எதுவும் தேறவில்லை. தேறியிருந்தால் எண் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்றியிருக்கலாம். 2011-லிருந்து நாடு முழுக்க அந்த வசதி இருக்கிறது. கடைசியில் ஃபைபர் இன்டர்நெட் இழுத்தோம். என் போனில் ‘வைஃபை காலிங்’ என்பதைப் போட்டுவிட்டான். டவர் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண கால் போகிறது, வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. இது நம் நாட்டுக்கு 2019 டிசம்பரில்தான் வந்ததாம். போனும் சிம்மும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். கேட்டுக்கொண்டு இணைப்பு வாங்குங்கள்.

அத்தையிடம் இருப்பதோ பட்டன் போன். அதற்கு இந்த வித்தை தெரியாது. அதனால் ஃபைபர் பெட்டியிலிருந்தே ஒயர் இழுத்து, ரிசீவர் வைத்த பழைய மாதிரி போன் ஒன்றை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். கரண்ட் போனால் எல்லாமே ஊமை என்பதால், ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் ஒன்று ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினேன். இதை மட்டும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள். மழை ராத்திரியில்தானே கரண்ட் போகும்?

இன்னொன்றும் அவன் சொன்னான். நம் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு ஏதாவது கம்பெனி டவர் எட்டினால் 112-க்குக் கால் போகுமாம். அன்று ராத்திரி எனக்கு இது தெரியாது.

இப்போது அத்தை, சோழவந்தானில் இருக்கும் தன் தங்கையோடு தினமும் ஒரு மணி நேரம் அந்த போனில் பேசுகிறார். மார்க்கெட்டிலிருந்து கூப்பிடும் என் கணவருக்குத்தான் லைன் கிடைப்பதில்லை!

– ஒரு வாசகி, பரவை, மதுரை.